தூதுப் புறாக் குஞ்சுகளைப் பறந்து வீடு திரும்பப் பழக்குதல்



வயலும் மரக்கறித் தோட்டமும் செய்யும் வீட்டிற் சில சோடித் தூதுப் புறாக்களை வளர்ப்பது பெருஞ் செலவு பிடிக்கும் முயற்சியன்று. களத்திற் சிந்திய நெல், தோட்டத்திற் கழிந்த பயறு, கௌபி, சோளம் ஆகியன அவற்றுக்குப் போதிய தீனாகும். கூட்டில் சேரும் எச்சமோ தோட்டத்துக்கு நல்ல எருவாகும். ஆயினும் புறா வளர்க்கத் தொடங்குவோர் முதற் சில வாரங்களிலேயே குஞ்சுகளை இழந்து மனந்தளர்வதுண்டு. குஞ்சு பறந்து சென்றது, திரும்பி வரவில்லை என்பதே அவர்களின் முறைப்பாடு. இக்குறை பெரும்பாலும் குஞ்சினுடையதன்று. அதனை வெளியே விட்டவரின் அவசரத்தினால் நேர்வது. புறா முதலில் தன் வீட்டை அறியவேண்டும். வெளியையும் தூரத்தையும் அறிவது அதன் பின்னரேயாம். கதிரவெளிப் பகுதியின் நிலத்துக்கும் காற்றுக்கும் ஏற்ப இதனைச் செய்யும் முறை கீழே விளக்கப்படுகின்றது.

1. தூதுப் புறாவின் இயல்பு

தூதுப் புறா எங்கே அனுப்பினாலும் அங்கே செல்லும் பறவையெனச் சிலர் எண்ணுவர். அது தவறு. அது தன் கூடு ஒன்றுக்கே திரும்பும். நமது நாட்டிலேயே இதற்குச் சிறந்த உதாரணம் உண்டு. கொழும்பில் வெளிவந்த ‘ஒப்சேவர்’ பத்திரிகையார், 1850 ஆம் ஆண்டு தொடக்கம், காலித் துறைமுகத்துக்கு வந்த கப்பல்கள் கொணர்ந்த செய்திகளைப் புறாக்களின் மூலம் பெற்றுவந்தனர். புறாக்கள் கொழும்பிலே வளர்க்கப்பட்டன. அவற்றைத் தரை வழியாகக் காலிக்குக் கொண்டு சென்று, செய்தியைக் கட்டி விடுவர். அவை ஏறத்தாழ 115 கிலோமீற்றர் பறந்து கொழும்பிலுள்ள தம் கூட்டை அடையும். 1858 இல் இவ்விரு நகரங்களுக்குமிடையே தந்திக் கம்பி வந்தபின் அச்சேவை நின்றது.

இந்தியாவின் ஒடிசா மாநிலத்தில் பொலிசார் 1946 ஆம் ஆண்டில் கோராபுட் மாவட்டத்தில் தூதுப் புறாச் சேவையைத் தொடங்கினர். 1999 ஒக்டோபரில் அங்கு பெருஞ் சூறாவளி வீசிச் செய்தித் தொடர்புகள் அறுந்தபோது அப்புறாக்கள் பயன்பட்டன. 1978 நவம்பர் 23 ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை அறிந்த முதியோருக்கு, தொடர்பற்ற ஊரின் நிலை இன்னதென்று எடுத்துக் கூறவேண்டியதில்லை. இன்று கைத்தொலைபேசி இருத்தலால் செய்திக்காகப் புறா வளர்க்கவேண்டிய அவசியம் இல்லை. எனினும் அச்சேவையிலிருந்து நாம் கற்கவேண்டியது ஒன்றுண்டு. ஒடிசாப் பொலிசார் சில புறாக்களை ஓரிடத்தில் தங்கவும் வேறோரிடத்தில் தீன் உண்ணவும் பழக்கி, அவ்விரு இடங்களுக்குமிடையே போகவும் வரவும் செய்தனர். புறாவை இழுப்பவை வீடு, தீன் என்னும் இரண்டு கயிறுகளே என்பது இதனால் விளங்கும். இவ்விரண்டையும் உறுதியாகக் கட்டியபின் குஞ்சை வெளியே விடுபவர் இழப்பது குறைவு.

2. குஞ்சைத் தெரிவு செய்தல்

வேறிடத்தில் வளர்ந்து பறந்து பழகிய பெரிய புறாவை விலைக்கு வாங்கித் திறந்து விடாதீர்கள். அது பழைய வீட்டுக்கே போய்விடும். அத்தகைய சோடியைக் கூட்டினுள் அடைத்து வைத்து, அது பொரிக்கும் குஞ்சுகளையே பழக்கவேண்டும். புறா இரண்டு முட்டையிடும். அடைகாக்கத் தொடங்கிய பதினேழு, பதினெட்டு நாட்களிற் குஞ்சு பொரிக்கும். முதல் வாரத்தில் தாயும் தந்தையும் தம் தீன்பையிற் சுரக்கும் பாலை ஊட்டும். ஏறத்தாழ 28 நாட்களிற் குஞ்சு தானே தின்னத் தொடங்கும். அப்பொழுது அதனைத் தாய்ப் புறாக்களிடமிருந்து பிரித்துக் குஞ்சுகளுக்கான கூட்டில் விடுங்கள். விலைக்கு வாங்குவதாயின் இந்த வயதுக் குஞ்சையே வாங்குங்கள். கண் தெளிவாகவும், மார்பு உறுதியாகவும், இறகு நெருக்கமாகவும் இருத்தல் வேண்டும்.

3. கூடு

கூடு நிலத்திலிருந்து உயர்ந்து, மழைச்சாரல் புகாததாயும் காற்றோட்டம் உள்ளதாயும் இருக்கவேண்டும். தூண்களில் வழவழப்பான தகரம் சுற்றினால் பாம்பு, மரநாய், பூனை ஆகியன ஏறுவது அரிது. வாயிலின் முன் ஓர் இறங்கு பலகை அமையுங்கள். வாயிலில், வெளியிலிருந்து தள்ளினால் திறந்து உள்ளிருந்து தள்ளினால் திறவாத தொங்கு கம்பிகளைப் பொருத்துங்கள். திரும்பி வரும் புறா தானே உள்ளே செல்லவும், சென்றபின் வெளியேறாதிருக்கவும் இது உதவும்.

இறங்கு பலகையின்மேல் கம்பிவலையாலான சிறு கூண்டொன்றை வைத்து, குஞ்சுகளை நாள்தோறும் சில மணி நேரம் அதனுள் விடுங்கள். ஒரு வாரமேனும் இவ்வாறு செய்யவேண்டும். குஞ்சு கூரையையும், தென்னையையும், கடற்கரையையும், வானத்தையும் பார்த்துப் பழகும். இது வீண் காலப்போக்கன்று. புறா சூரியனின் நிலையைக் கொண்டு திசை அறிகின்றது. சூரியன் ஒரு நாளிற் செல்லும் வழியைக் குஞ்சுப் பருவத்திலேயே அது கற்கவேண்டும்.

4. தீனும் அழைப்பும்

நெல், சோளம், குரக்கன் ஆகிய தானியங்களுடன் பயறு, கௌபி ஆகியவற்றைக் கலந்து கொடுங்கள். வளரும் குஞ்சுக்குப் பயற்றினம் சற்றுக் கூடுதலாக வேண்டும். வளர்ந்த புறா ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 கிராம் போதும். பூஞ்சணம் பிடித்த தானியத்தை ஒருபோதும் கொடாதீர்கள். கரையோரத்திற் கிடைக்கும் மட்டி, சிப்பி ஓடுகளைக் கழுவி இடித்து, சிறிது கரித்தூளும் உப்பும் சேர்த்து வையுங்கள். தண்ணீரை நாள்தோறும் மாற்றுங்கள்.

தீன் இடும்போதெல்லாம் ஒரே ஓசையை எழுப்புங்கள். தகரப் பேணியில் தானியத்தைக் குலுக்கலாம், சீழ்க்கையும் அடிக்கலாம். எதுவாயினும் அதனை மாற்றலாகாது. தீன் எப்பொழுதும் பாத்திரத்திற் கிடக்கவும் விடாதீர்கள். ஓசை கேட்டவுடன் குஞ்சுகள் ஓடி வந்து கூடும் நிலை வந்தால், இரண்டாவது கயிறும் கட்டப்பட்டதென அறியலாம்.

5. முதல் முறை வெளியே விடுதல்

குஞ்சு ஆறு வார வயதை அடையும் காலத்தில், காற்றற்ற ஒரு மாலை வேளையைத் தெரிவு செய்யுங்கள். சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது, அன்று காலையில் அரைத்தீன் மாத்திரம் உண்ட குஞ்சுகளுக்கு வாயிலைத் திறந்து விடுங்கள். அவற்றைக் கையாற் பிடித்து எறிவதும், கைதட்டி எழுப்புவதும், நாய், கோழி அருகில் வர விடுவதும் கூடாது. வெருண்டு எழும் குஞ்சு வழி பார்த்துப் பறப்பதில்லை. அது அயலூரிற் போய் இறங்கும். அல்லது கடலின்மேற் செல்லும். குஞ்சுகள் தாமாக வெளியே வந்து பலகையிலும் கூரையிலும் உலாவட்டும். அரை மணி நேரத்தின் பின் அழைப்போசை எழுப்பித் தீன் இடுங்கள். பசியும் இருளும் அவற்றை உள்ளே சேர்க்கும்.

ஒருவர் பத்துக் குஞ்சுகளை வாங்கி வந்த மறுநாட் காலையிலேயே, வயிறு நிறையத் தீன் கொடுத்துத் திறந்து விடுகின்றார் எனக் கொள்வோம். குஞ்சுக்கு வீடு இன்னதென்று தெரியாது. திரும்புவதற்குப் பசியும் இல்லை. வழி தவறுவதற்கு நீண்ட பகலும் இருக்கின்றது. மாலையில் கூடு வெறுமையாக இருப்பதிற் புதுமை யாது?

நாள் செல்லச் செல்லக் குஞ்சுகள் கூட்டமாக எழுந்து வீட்டைச் சுற்றிப் பறக்கும். பின்னர்க் கண்ணுக்கு மறைந்து, அரை மணி, ஒரு மணி நேரத்தின் பின் திரும்பும். அப்பொழுது அவை தூரப் பழக்கத்துக்கு ஆயத்தமாகிவிட்டன.

6. தூரப் பழக்கம்

மூன்று மாத வயதில் இதனைத் தொடங்கலாம். முன்னதாக ஓரிரவு குஞ்சுகளைக் காற்றோட்டமுள்ள கூடையில் வைத்துப் பழக்குங்கள். அதன்பின் தூரத்தை இவ்வாறு கூட்டிச் செல்லுங்கள்: 1, 3, 5, 10, 20, 35, 50 கிலோமீற்றர். ஒவ்வொரு தூரத்திலும் இரண்டு மூன்று முறை விட்டு, எல்லாம் விரைவில் திரும்பினால் மாத்திரமே அடுத்த தூரத்துக்குச் செல்லவேண்டும். பிந்தி வந்தாற் பழைய தூரத்தையே மீண்டும் செய்யுங்கள். முதலிற் கூட்டமாகவும், பின்னர் இரண்டிரண்டாகவும், ஈற்றில் தனித்தனியாகவும் விடுங்கள். கூட்டத்தைப் பின்பற்றி மாத்திரம் பறந்த குஞ்சு தனித்தபோது தடுமாறும்.

கதிரவெளிக்குக் கிழக்கே கடல். ஆகையால் பழக்கம் கரையை ஒட்டி அமையவேண்டும். தெற்கே பால்சேனை, வாகரை, பனிச்சங்கேணி, வாழைச்சேனை என ஒரே வழியிற் படிப்படியாகச் செல்லலாம். வடக்கே வெருகற் பக்கம் விடுவதாயின் அதனை வேறொரு வழியாகக் கருதி, மீண்டும் குறைந்த தூரத்திலிருந்தே தொடங்குங்கள். தோணியிற் கொண்டுசென்று கடலில் விடுவதை முற்றாகத் தவிர்க்கவும். களைத்த குஞ்சு இறங்குவதற்கு அங்கே இடமில்லை.

7. காலமும் காற்றும்

வாடைக் காற்றும் அடைமழையும் உள்ள நவம்பர் முதல் சனவரி வரை தூரப் பழக்கம் வேண்டாம். தெளிந்த கோடைக்காலமே ஏற்றது. ஆனால் அக்காலத்திற் கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். பகல் ஏறும்போது அதன் வேகமும் ஏறும். இளங் குஞ்சை அது கடலுக்குத் தள்ளிவிடக்கூடும். எனவே காலையிலேயே, காற்று எழுமுன் குஞ்சுகளை விடவேண்டும்.

மேகம் மூடிய நாளிலும் விடாதீர்கள். அமெரிக்க ஆராய்ச்சியாளர் வில்லியம் கீற்றன் 1971 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இதற்குத் துணையாகும். புறாக்களின்மேற் சிறு காந்தத் துண்டுகளை ஒட்டி விட்டபோது, வெயில் நாளில் அனுபவமுள்ள புறாக்கள் நேரே வீடு திரும்பின. மேகமூட்ட நாளிலோ அவை திசை தடுமாறின. சூரியன் தெரியாதபோது புறா பூமியின் காந்த விசையையும் துணையாகக் கொள்கின்றது என்பது இதனால் அறியப்பட்டது. முதிர்ந்த புறாவுக்கே இத்தனை துணை வேண்டுமெனில், கற்கத் தொடங்கிய குஞ்சுக்குத் தெளிந்த வானம் எவ்வளவு தேவை என்பதை எண்ணிப் பாருங்கள். விடுமுன் வல்லூறு, வைரி ஆகியன வட்டமிடுகின்றனவா என்றும் வானத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. வயலும் புறாவும்

கமக்காரர் சிறப்பாகக் கவனிக்கவேண்டியது இதுவாகும். பெரும்போக விதைப்பு நடைபெறும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் புறாக்களைப் பகலில் அடைத்து வையுங்கள். மாலையில் அரை மணி நேரம் மாத்திரம் பறக்க விட்டு, உடனே அழைத்துத் தீன் இடுங்கள். அயலவர் வீசிய முளைநெல்லில் உங்கள் புறா இறங்கினால் நட்டம் அவருக்கு. விதை மருந்திட்டதாயின் நட்டம் உங்களுக்கும் உண்டு. அன்றியும் வயலில் இரை தேடப் பழகிய புறா, தீனுக்காகக் கூட்டை நாடுவதை விட்டுவிடும். நீங்கள் கட்டிய கயிறுகளில் ஒன்று அதனால் அறுந்து போகின்றது. சிறுபோக விதைப்பிலும் இவ்வாறே செய்க.

9. நோயும் எருவும்

கூட்டை வாரத்திற்கு இருமுறை துப்புரவாக்குங்கள். எச்சத்தூள் நெஞ்சுக்குத் தீங்கு செய்யும். ஆகையால் சிறிது நீர் தெளித்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு கூட்டுங்கள். புறாக்களைக் கோழிகளோடு ஒரே இடத்தில் அடைக்கவேண்டாம். கழுத்துத் திருகுதல், பச்சைக் கழிச்சல், வாயினுள் மஞ்சட் படலம் ஆகிய குறிகளைக் கண்டால், அப்பறவையைப் பிரித்து வைத்துக் கால்நடை வைத்திய அதிகாரியை நாடுங்கள். சோர்ந்த குஞ்சைத் தூரம் கொண்டு செல்லலாகாது.

புறா எரு நைதரசன் மிகுந்தது. பச்சையாக இட்டால் இளம் பயிரின் வேர் கருகும். வைக்கோல், சருகு ஆகியவற்றுடன் அடுக்கி, ஈரம் காத்து, இடையிடையே புரட்டி, நன்றாக மக்கியபின் கத்தரி, மிளகாய், வெண்டி முதலியவற்றுக்கு இடுங்கள். மணற்பாங்கான தோட்ட நிலத்தில் ஈரம் தங்குவதற்கும் இது உதவும்.

10. முடிவுரை

ஒவ்வொரு புறாவின் வளைய இலக்கத்தையும், விட்ட இடத்தையும், விட்ட நேரத்தையும், திரும்பிய நேரத்தையும் ஒரு கொப்பியிற் குறித்து வையுங்கள். எந்தக் குஞ்சு எந்தத் தூரத்திற்கு ஆயத்தமானது என்பதை அக்குறிப்பே சொல்லும். வளையமிட்ட பிறர் புறா களைத்து உங்கள் முற்றத்தில் இறங்கினால், தண்ணீரும் சிறிது தானியமும் கொடுத்து, ஒருநாள் ஆறவிட்டுப் போகவிடுங்கள். உங்கள் குஞ்சுக்கும் ஒருநாள் பிறர் முற்றம் வேண்டியிருக்கும்.

நாற்றின் வேர் பிடிக்குமுன் பிடுங்கிப் பார்ப்பவர் விளைவைக் காணார். புறாக் குஞ்சும் அத்தகையதே. இரண்டு மாதம் பொறுத்து வீட்டை அறியச் செய்தவர், பின்னர் எத்தனை கிலோமீற்றருக்கு அப்பால் விட்டாலும் அது திரும்புமென்று நம்பி முற்றத்தில் நின்று வானத்தைப் பார்க்கலாம். எருவைப் பயிருக்கு இடுவது பற்றி மேலும் அறிய விரும்புவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கண்டு கேட்டுக்கொள்வார்களாக.