சோறா, இறைச்சியா: எடை குறைக்க நான்கு வழிகள்

முதல் வழி, இறைச்சி மட்டும் உண்ணும் முறை. அதில் விலங்குணவு தவிர வேறெதற்கும் இடமில்லை. மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, கோழி, மீன், முட்டை, விலங்குக் கொழுப்பு, உப்பு, தண்ணீர் என்பதோடு பட்டியல் முடிந்துவிடும். சிலர் நெய்யையும் பட்டரையும் சேர்த்துக்கொள்வார்கள். சோறு, பாண், பருப்பு, கீரை, பழம், தேங்காய், சீனி யாவும் விலக்கு. கண்டிப்பாகப் பார்த்தால் கறிக்குப் போடும் வெங்காயமும் மிளகாய்த்தூளும்கூட விலக்குத்தான். அமெரிக்க எலும்பு சத்திரசிகிச்சை நிபுணர் ஷான் பேக்கர் 2019இல் வெளியிட்ட நூல் இம்முறையைப் பரவலாக்கியது. ஆனால் எண்ணம் பழையது. லண்டனில் இறுதிச் சடங்குகளை நடத்திக்கொடுக்கும் தொழில் செய்த வில்லியம் பேண்டிங், பாணையும் சீனியையும் உருளைக்கிழங்கையும் விட்டு, இறைச்சியையும் மீனையும் முதன்மையாக்கி உடல் இளைத்த கதையை 1863இலேயே சிறு நூலாக வெளியிட்டிருந்தார்.

அட்டாளைச்சேனைக்கும் ஒலுவிலுக்கும் நடுவே, கிழக்கே கடலும் மேற்கே வயலுமாக இருக்கும் பாலமுனை போன்ற ஊரில் இம்முறை கேட்டதும் பிடித்துப்போவதில் வியப்பில்லை. கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையான முஸ்லிம் ஊர்களில் மாட்டிறைச்சியும் மீனும் பழகிய உணவு. விரும்பி உண்பதையே மருந்தென்று ஒருவர் சொன்னால் மறுக்க மனம் வராது. ஆயினும் இவ்வூர்த் தட்டுக்கு இறைச்சி புதிதாக வரப்போவதில்லை. சோறுதான் புதிதாகப் போகப்போகிறது. கிடைக்கும் பலனில் எவ்வளவு இறைச்சி வந்ததால், எவ்வளவு சோறு போனதால் என்று பிரித்துப் பார்த்தால்தான் வழியைத் தெரிவுசெய்ய முடியும்.

முதலில் சோற்றின் கணக்கு. வெந்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 130 கலோரியும் 28 கிராம் மாப்பொருளும் உண்டு. பகலும் இரவும் 400 கிராம் வீதம் சோறு உண்பவருக்குச் சோற்றிலிருந்து மட்டும் ஆயிரம் கலோரிக்கு மேல் சேர்கிறது. இரண்டு தேக்கரண்டி சீனி போட்ட தேநீர் நாலு முறை குடித்தால் இன்னொரு 130 முதல் 160 கலோரி. கலியாண வீட்டிலோ கந்தூரியிலோ சஹன் என்ற பொதுத் தட்டைச் சுற்றி அமர்ந்து உண்ணும்போது யார் எவ்வளவு எடுத்தார் என்பது உண்டவருக்கே தெரியாது. இவை எல்லாம் ஒரே நாளில் நின்றுவிட்டால், அந்த இடத்துக்கு இறைச்சி வந்தாலும் வராவிட்டாலும் எடை இறங்கத்தான் செய்யும்.

முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ குறைவதுதான் பலரை மயக்குகிறது. அதில் பெரும்பங்கு தண்ணீர். ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்பட்ட மாச்சத்து ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைப் பிடித்துவைத்திருக்கிறது. மாப்பொருள் வராதபோது சேமிப்பு கரைகிறது, நீரும் சிறுநீராகப் போய்விடுகிறது. அதோடு உப்பும் போவதால் தலைவலி, களைப்பு, கெண்டைக்கால் பிடிப்பு வருவது உண்டு.

அதன்பின் குறைவது உண்மையான கொழுப்பு. இங்கே இறைச்சிக்கு உரிய பெருமையைக் கொடுக்கவேண்டும். புரதம் வயிற்றை நிறைத்து நெடுநேரம் பசியைத் தள்ளிவைக்கிறது. அதைச் செரித்துக் கையாளவே உடல் அதன் சக்தியில் 20 முதல் 30 சதவீதத்தைச் செலவழிக்கிறது. மாப்பொருளுக்கு அச்செலவு 10 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். எடை குறையும்போது தசை கரையாமல் இருக்கவும் புரதம் வேண்டும். இன்னொன்று, தெரிவு குறைந்தால் உண்பதும் குறைகிறது. மாலையில் கடைக்குப் போனால் எடுக்க ஒன்றுமில்லை: ரோல்ஸ் இல்லை, பணிஸ் இல்லை, வட்டிலப்பம் இல்லை. அளவு பார்க்கவும் கலோரி எண்ணவும் பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த எளிமை பெரிய உதவி.

ஆய்வுகள் சொல்வது இதைவிட நிதானமானது. இறைச்சி மட்டும் உண்டு நீண்டநாள் இருக்கலாம் என்பதற்கு எப்போதும் காட்டப்படும் சான்று, வடதுருவப் பயணி வில்யால்மர் ஸ்டெஃபான்சனும் அவரது தோழர் கார்ஸ்டன் ஆண்டர்சனும் 1928இல் நியூயோர்க் பெல்வியூ வைத்தியசாலையின் கண்காணிப்பில் தொடங்கி ஓராண்டு நடத்திய பரிசோதனை. இருவருக்கும் பெரிய நோய் எதுவும் வரவில்லை. ஆனால் கொழுப்பு நீக்கிய இறைச்சியை மட்டும் கொடுத்த நாட்களில் ஸ்டெஃபான்சனுக்கு வயிற்றோட்டமும் சோர்வும் வந்தன. கொழுப்பைக் கூட்டியதும் தெளிந்தார். அவர்கள் உண்ட சக்தியில் முக்கால் பங்குக்குக் குறையாமல் கொழுப்பிலிருந்தே வந்தது. ஆகவே இறைச்சி உணவுமுறை என்று அழைக்கப்படுவது உள்ளபடி கொழுப்பு உணவுமுறை. தோல் உரித்த கோழி நெஞ்சையும் மெலிந்த மாட்டிறைச்சியையும் மட்டும் உண்டு அதை நடத்த முயல்பவர் ஒரு வாரத்திலேயே தளர்ந்துவிடுவார். இரண்டு பேரை வைத்து நடந்த பரிசோதனை என்பதும், அது எடை குறைப்பதற்காக நடத்தப்படவில்லை என்பதும் மறக்கப்படுகின்றன.

2021இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில் குறைந்தது ஆறு மாதம் இம்முறையில் இருந்த 2,029 பேர் தம் நிலையைத் தாமே தெரிவித்தார்கள். எடை குறைந்தது, நீரிழிவு மருந்து குறைந்தது என்றார்கள். அவர்களது எல்.டி.எல் கொலஸ்திரோலின் நடுமதிப்பு 172. நூறுக்குக் கீழே இருப்பது நல்லது என்று வைத்தியர்கள் சொல்லும் அளவு அது. பலன் கிடைக்காமல் பாதியில் விட்டவர்கள் இத்தகைய கணக்கெடுப்புக்கு வந்து பதில் சொல்வதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஒரு குழுவை இறைச்சியிலும் இன்னொரு குழுவை வேறு உணவிலும் ஆண்டுக்கணக்கில் வைத்துப் பார்த்த நல்ல ஆய்வு இல்லை. மாப்பொருளைக் குறைக்கும் முறைகளுக்கு உண்டு. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 609 பேரை ஓராண்டு தொடர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், மாப்பொருளைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோவும் கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோவும் இறங்கினார்கள். பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. இரு குழுக்களுக்கும் பொதுவாக இருந்தது காய்கறி கூடியதும், சீனியும் வெள்ளை மாவும் குறைந்ததும்தான்.

இனி ஆபத்துகள். முதலாவது இதயம். தெற்காசியருக்கு மாரடைப்பு இளவயதிலேயே வருகிறது. ஒல்லியாகத் தெரிபவருக்கும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்கிறது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் ஆசியருக்கு உடல் நிறைச் சுட்டெண் 23ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்கிறது. இப்படிப்பட்ட உடலில் எல்.டி.எல் ஏறுவதை, இளைத்துவிட்டோம் என்ற மகிழ்ச்சியில் ஒதுக்கிவிட முடியாது. எல்லோருக்கும் ஏறுவதில்லை. யாருக்கு ஏறும் என்பதை இரத்தம் எடுத்துப் பார்க்காமல் சொல்லவும் முடியாது.

அடுத்தது குடல். நார்ச்சத்து அறவே இல்லாத உணவு சிலருக்கு மலச்சிக்கலையும் சிலருக்கு வயிற்றோட்டத்தையும் தருகிறது. சிவப்பு இறைச்சி புற்றுநோயை உண்டாக்கக்கூடிய சாத்தியம் உள்ளது என்றும், சொசேஜஸ் போன்ற பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்குவது உறுதி என்றும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் வகைப்படுத்தியது. நாளொன்றுக்கு 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி பெருங்குடல் புற்றுநோய் ஆபத்தை 18 சதவீதம் கூட்டுகிறது என்பது அதன் கணிப்பு. சந்தையில் அறுத்து வாங்கும் மாட்டிறைச்சியையும் குளிரூட்டியில் இருக்கும் சொசேஜஸையும் ஒரே தராசில் வைப்பது தவறு. இரண்டும் இறைச்சிதானே என்று இம்முறையில் இருப்பவர்கள் வைத்துவிடுகிறார்கள்.

யூரிக் அமிலம் கூடியவர்களுக்கு மூட்டு வீங்கி வலிக்கும் கௌட் வரலாம். மாட்டிறைச்சி, ஈரல், சாளை, நெத்தலி எல்லாமே அதைக் கூட்டுபவை. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுபட்டவருக்கு அதிகப் புரதம் சுமை. எடை வேகமாகக் குறைந்தால் பித்தப்பையில் கல் உண்டாகும் வாய்ப்பும் உண்டு. விற்றமின் சி, போலேற்று, கல்சியம் ஆகியவை குறையலாம். ஸ்டெஃபான்சனுக்கு, விற்றமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி வராததற்குப் புதிய, அதிகம் வேகாத இறைச்சி காரணம். ஒரு மணிநேரம் கொதிக்கவைத்த கறியில் அவ்வளவு விற்றமின் மிஞ்சாது.

செலவும் ஆபத்தோடு சேர்த்து எண்ணத்தக்கதே. மாப்பொருள் இல்லாமல் 2,000 கலோரி பெற, கொழுப்புள்ள இறைச்சியானாலும் வெந்த நிலையில் முக்கால் கிலோவுக்கு மேல் வேண்டும். பச்சையாக வாங்கும்போது அது ஒரு கிலோவைத் தாண்டும். வீட்டில் எல்லோருக்கும் ஒருநேரக் கறியாகும் இறைச்சி ஒருவரின் ஒருநாள் உணவாகிவிடுகிறது. வயலில் மேய்ந்த உள்ளூர் மாடு மெலிந்தது என்பதால் கொழுப்பைத் தனியே தேடவும் வேண்டும்.

இரண்டாவது வழி தமிழரிடையே நன்கு அறிமுகமான பேலியோ. நியாண்டர் செல்வன் எழுதிய ‘பேலியோ டயட்’ நூலும் அவரைச் சுற்றி உருவான சமூக ஊடகக் குழுவும் தமிழ்நாட்டிலும் புலம்பெயர்ந்தவரிடையிலும் ஆயிரக்கணக்கானோரை இதற்குள் கொண்டுவந்தன. சோறும் மாவும் பருப்பும் சீனியும் இதிலும் விலக்கு. ஆனால் காய்கறி, கீரை, தேங்காய், பாதாம் உண்டு. தொடங்குமுன் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வது இதன் நல்ல வழக்கம். பசி அடங்குவது, இரத்தச் சீனி இறங்குவது என இறைச்சி முறையின் பலன்கள் பெரும்பாலும் இதிலும் கிடைக்கின்றன. நார்ச்சத்தும் போலேற்றும் இழக்கப்படுவதில்லை. நெய்யையும் பட்டரையும் அளவில்லாமல் சேர்த்தால் எல்.டி.எல் இதிலும் ஏறும். பாதாம் வாங்க முடியாதவர் அதை விட்டுவிடலாம், முட்டை போதும்.

மூன்றாவது வழியைக் கரையோர ஊர்களுக்கென்றே சொல்லலாம்: மீனை முதன்மையாக்குவது. சூரை 100 கிராமில் 25 கிராமளவு புரதம் இருக்க, கலோரி 130ஐ ஒட்டியே இருக்கிறது. அதே எடை சோற்றுக்கும் கலோரி அவ்வளவே. ஆனால் புரதம் மூன்று கிராமைத் தாண்டாது. சாளை, சூடை, கீரி போன்ற சிறுமீன்களில் ஒமேகா-3 கொழுப்பு உண்டு, முள்ளோடு உண்டால் கல்சியமும் சேரும், விலையும் மாட்டிறைச்சியைவிடக் குறைவு. நிறைவுற்ற கொழுப்பு குறைவு என்பதால் எல்.டி.எல் பற்றிய கவலையும் அந்த அளவுக்கு இல்லை. இரண்டு எச்சரிக்கைகள் போதும். சூரையை ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்தால் உண்டாகும் ஹிஸ்டமின் சமைத்தாலும் போகாது. கருவாட்டின் உப்பு பிரஷர் உள்ளவருக்கு ஆகாது.

நான்காவது வழி பெயர்கூட இல்லாதது, அதனாலேயே யாரும் பேசாதது: சோற்றைக் கோப்பையால் அளந்து குறைப்பது. ஒரு நேரத்துக்கு 150 கிராம், அதாவது ஒரு தேநீர்க் கோப்பையளவு. தட்டின் பாதியில் முருங்கையிலைச் சுண்டலோ பொன்னாங்காணியோ வல்லாரைச் சம்பலோ கத்தரி, பயற்றங்காய்க் கறியோ; கால் பங்கில் மீன் அல்லது இறைச்சி. தேநீர் சீனி இல்லாமல். மேலே சொன்ன 800 கிராம் சோறு 300ஆக இறங்கினால் அதிலேயே 650 கலோரி மிச்சம். சேர்த்த காய்கறியும் மீனும் அதில் ஒரு பகுதியைத் திருப்பி எடுத்தாலும், தொடக்கத்தில் வாரத்துக்கு அரைக் கிலோவளவு இறங்கும். முதல் வார அதிசயம் இதில் நடக்காது. பொறுமையின்றி இதை விடுபவர்கள் அதிகம். ஆனால் வீட்டில் தனிச்சமையல் வேண்டாம், விருந்தில் ஒதுங்கி உட்காரவும் வேண்டாம். பெரும்பாலோருக்கு இதுவும் மூன்றாவதும் கலந்த வழியே பொருந்தும்.

இறைச்சி மட்டும் என்ற முறையைச் சிலர் எண்ணிப் பார்க்கவே கூடாது: கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், வளரும் பிள்ளைகள், சிறுநீரக நோயாளிகள், கௌட் உள்ளவர்கள், மாரடைப்பு வந்தவர்கள், குடும்பத்தில் இளவயது மாரடைப்போ மிகை கொலஸ்திரோலோ உள்ளவர்கள். சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ கிளிக்ளசைட் போன்ற மாத்திரையோ எடுப்பவர், மருந்தளவை மாற்றாமல் சோற்றை நிறுத்தினால் சீனி ஆபத்தான அளவுக்கு விழுந்துவிடும். எம்பாகிளிஃப்ளோசின், டபாகிளிஃப்ளோசின் வகை மருந்து எடுப்பவருக்கு, சீனி அதிகம் ஏறாமலே இரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம். கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலையிலோ கிளினிக் கொப்பி வைத்திருப்பவர், உணவை மாற்றுமுன் அந்தக் கொப்பியோடு வைத்தியரிடம் பேசவேண்டும்.

நோய் ஏதுமில்லாத, வயதில் இளைய, மற்ற வழிகளில் நிற்க முடியாத ஒருவர் இறைச்சி முறையைத்தான் தெரிவுசெய்கிறார் என்றால், அதற்குக் காலவரை வேண்டும். தொடங்குமுன் லிபிட் புரொபைல், கிரியேட்டினின், யூரிக் அமிலம், எச்பிஏ1சி பார்த்து, மூன்று மாதத்தில் மீண்டும் பார்க்கவேண்டும். எல்.டி.எல் 190ஐத் தொட்டால் நிறுத்தவேண்டியதுதான். எடையோடு இடுப்பையும் அளக்கவேண்டும். ஆணுக்கு 90 சென்ரிமீற்றருக்கும் பெண்ணுக்கு 80க்கும் கீழே வருவதே குறி. எடை, பிரஷர், சீனி பார்ப்பதற்கு அரச வைத்தியசாலைகளின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் கட்டணம் இல்லை. வாரத்தில் சில நாளேனும் மாட்டிறைச்சிக்குப் பதில் மீன் என்று மாற்றினால் நிறைவுற்ற கொழுப்பு குறையும்.

தொடங்கும் காலமும் முக்கியம். ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பின் உழ்ஹிய்யா இறைச்சி குளிரூட்டியில் நிறைந்திருக்கும்போது பலருக்கு இந்த எண்ணம் வருகிறது. செலவு குறைவு என்பதால் அது வசதியான காலம்தான். நோன்பு மாதம் ஏற்றதல்ல. மாப்பொருள் நின்ற முதல் வாரங்களில் உடல் நீரையும் உப்பையும் இழக்கிறது, புரதக் கழிவை வெளியேற்றவும் நீர் வேண்டும். பகல் முழுதும் தண்ணீர் இல்லாத நாட்களில் அது தலைசுற்றலில் முடியும். சஹரில் முட்டையும் மீனும் கூட்டி, சோற்றைக் குறைத்து, இஃப்தாரில் கஞ்சியை ஒரு கோப்பையோடு நிறுத்துவது அந்த மாதத்துக்குப் போதும்.

முறையை விட்டு மீண்டும் சோற்றுக்கு வரும் முதல் சில நாட்களில் ஒன்றிரண்டு கிலோ ஏறும். அது திரும்பி வந்த நீர். கொழுப்பு அவ்வளவு வேகமாகச் சேர்வதில்லை. அதைக் கண்டு மறுபடி இறைச்சிக்கு ஓடாமல், கோப்பையளவுச் சோற்றில் நின்று மூன்று வாரம் கழித்து எடை பார்த்தால் உண்மையான கணக்கு தெரியும்.