கண்ணாடி எங்கே?

அன்புள்ள தம்பி,

கல்லூரி ஆண்டு மலரில் நீ எழுதிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்த மூன்றாம் இரவில் புத்தி தடுமாறிப்போன 78 வயதுப் பெரியவர். சோடியம், நெஞ்சுச் சளி, மாத்திரைப் பட்டியல் என்று நீ தேடிய வரிசையில் குறை இல்லை. அதை விடு.

என்னை எரிச்சல்படுத்தியது ஒரே சொல். "ஒத்துழைக்கவில்லை" என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறாய். எப்படி ஒத்துழைப்பார்? கண்ணாடியும் காது மிஷினும் மகளின் கட்டைப்பையில் கிடந்ததைக் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் சொல்கிறாய். ராத்திரி முழுக்க டியூப்லைட். இரண்டு மணிக்கு எழுப்பி பிரஷர் பார்க்கிறீர்கள். எடுத்திருக்க வேண்டிய யூரின் டியூபை அவர் பிடுங்கப் போனதும் கையைக் கட்டிவிட்டீர்கள். கட்டினால் குழப்பம் இன்னும் ஏறும், தம்பி.

1999இல் அமெரிக்காவில் ஷாரன் இனோயி குழுவினர் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 பேரிடம் செய்த ஆய்வைப் படித்துப் பார். தூக்கம், நடை, தண்ணீர், கண், காது, இன்று என்ன கிழமை என்று பேச்சுக் கொடுப்பது. கவனித்தது இவ்வளவுதான், புது மருந்து ஒன்றும் இல்லை. வழக்கமான வார்டில் 15 சதவீதம் பேருக்கு வந்த குழப்பம், இப்படிக் கவனிக்கப்பட்டவர்களில் 9.9 சதவீதம் பேருக்குத்தான்.

நானும் கட்டியவன்தான். பயிற்சி மருத்துவராக இருந்தபோது, ரத்தம் ஏற்றும் முன் ஒரு விவசாயத் தாத்தாவுக்கு ஒவ்வாமை வராமல் இருக்க அவில் ஊசி போட்டேன். ராத்திரி வேட்டியைப் பிசைந்துகொண்டு "மடையைத் திற, மடையைத் திற" என்று கத்தினார். உளறுகிறார் என்று கையைக் கட்டி, தூங்கட்டுமே என்று இன்னொரு அவில் போட்டேன். காலையில் வந்த நர்ஸ் அக்கா அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. டியூப் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் இறங்கியது. வயதானவருக்கு அவில் மூளையையும் கலக்கும், சிறுநீரையும் அடைக்கும். தாத்தா ராத்திரி முழுக்கச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

ஆனால் ஒன்று. "அப்பா போன வாரம் எப்படி இருந்தார்?" என்று மகளிடம் கேட்டாயே, அந்த இடத்தில் எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. பால் கணக்கு அவர்தான் எழுதுவார் என்று அந்தப் பெண் சொன்னதால்தானே, இது மறதி நோய் இல்லை, புதிதாக வந்தது என்று பிடித்தாய்! என் மாணவர்களை அந்த ஒரு கேள்வி கேட்க வைப்பதற்குள் என் தலை நரைத்துவிட்டது.

இனி கேஸ் ஷீட்டில் சோடியத்துக்கு மேலே எழுது: கண்ணாடி எங்கே, காது மிஷின் எங்கே. பக்கத்துக் கட்டிலில் சத்தமே இல்லாமல் சுருண்டு கிடக்கும் பாட்டியிடமும் போய்ப் பேசு. கத்துகிறவரை எல்லோரும் பார்த்துவிடுகிறோம். கத்தாமல் குழம்பிக் கிடப்பவரைத்தான் தவறவிடுகிறோம்.

உன் பழைய வாத்தியார்