விக்ரம் ஏன் விழுந்தது?

கேள்வி: 2019-இல் இந்தியாவின் சந்திரயான்-2 தரையிறங்கு கலமான விக்ரம் நிலவில் மோதியது ஏன்? கடைசி நிமிடம்வரை எல்லாம் சரியாகத்தானே போனது?
– மாணவர், தஞ்சோங் மாலிம்

பதில்: இல்லை தம்பி, பிசகு முன்பே தொடங்கிவிட்டது. நிலவில் காற்று இல்லை, பாராசூட் உதவாது. எஞ்சினை எரித்துத்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். செப்டம்பர் 7, மலேசியாவில் விடியற்காலை நான்கு மணி தாண்டிய நேரம். விக்ரமின் ஐந்து எஞ்சின்களும் கணக்கிட்டதைவிடக் கூடுதல் விசை தந்தன. படமெடுப்பதற்காகக் கலம் ஆடாமல் நிற்கவேண்டிய கட்டம் அது. அதனால் பிழையை உடனே திருத்தவில்லை. அது சேர்ந்துகொண்டே போனது. பிறகு சட்டென்று திரும்ப வேண்டியிருந்தபோது, மென்பொருள் விதித்திருந்த வரம்பு அந்த வேகத்துக்கு இடம் தரவில்லை. இறங்குவதற்குக் குறித்திருந்த இடமோ வெறும் 500 மீட்டருக்கு 500 மீட்டர். என் பார்வையில் பெரிய பலவீனம் இதுதான். சந்திரயான்-3-க்கு அதை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரித்தார்கள்.

சோவியத்தின் லூனா 5 கலமும் 1965 மே மாதம் நிலவில் மெதுவாக இறங்க முயன்று மோதி நொறுங்கியது. மெதுவாக இறங்குவது 1966 பிப்ரவரியில் லூனா 9-க்குத்தான் கைகூடியது.

விக்ரமின் சிதறலை முதலில் கண்டுபிடித்தவர் சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். நாசா வெளியிட்ட பழைய, புதிய படங்களை வீட்டுக் கணினியில் அருகருகே வைத்து, ஒவ்வொரு புள்ளியாக ஒப்பிட்டார். 2019 டிசம்பரில் நாசா அதை உறுதிசெய்தது.