ஆறு எழுத்துக்குப் பத்துக் கேள்விக்குறி

பந்தல்குடி என்ற ஊர்ப்பெயரில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விரல் விட்டு ஆறு என்று சொல்லிவிடும். கணினிக்குப் பத்து. *, ? போட்டுத் தமிழ்ப் பெயர்களை ஒப்பிடும் நிரல் பெரும்பாலும் சொதப்புவது இங்கேதான்.

அருப்புக்கோட்டை வட்டாரத்து முகவரிப் பட்டியல் ஒன்று கையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தேடக் கொடுக்கும் மாதிரியில், அதாவது பேட்டர்னில், * இருந்தால் அங்கே எது வேண்டுமானாலும் வரலாம், ஒன்றும் வராமலும் போகலாம். ? என்றால் கட்டாயம் ஒன்று. எஸ்கியூஎல்லில் இவையே %, _. பைத்தான் மொழியில் இப்படி ஒப்பிடும் எஃப்என்மேட்சிடம் (fnmatch) ஆறு கேள்விக்குறி கொடுத்தால் பந்தல்குடி சிக்காது. பத்து கொடுத்தால்தான் சிக்கும். காரணம், யூனிகோடில் புள்ளிக்குத் தனி எண், உகரத்துக்கும் இகரத்துக்கும் தனித்தனி எண். ந், ல், கு, டி நான்கும் இரண்டிரண்டு. ப, த ஒவ்வொன்று.

எழுத்துக் கணக்கில் ஒப்பிட நாமே நிரல் எழுதினால் முதல் வேலை, குறியாக்கத்தை ஒரே சீராக்குவது. அருப்புக்கோட்டையின் ‘கோ’வில் ஓகாரக் குறி ஒரே எண்ணாகவும் இருக்கலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் இருக்கலாம். பார்வைக்கு ஒன்றுதான்; நீளம் 15, 16 என்று மாறும், ஒப்பிட்டால் பொருந்தாது. பேட்டர்ன், பட்டியல் இரண்டையுமே, இப்படிப் பிரிந்த குறிகளை ஒரே எண்ணாகச் சேர்க்கும் என்எஃப்சி (NFC) வடிவுக்கு மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு விடிய விடியப் பிழை தேடியவன் நான்.

அடுத்து எழுத்தெழுத்தாகப் பிரியுங்கள். புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் முந்தைய மெய்யோடு ஒட்டிவிட வேண்டும். பைத்தானுக்கான ஓப்பன்-தமிழ் தொகுப்பில் இதற்குத் தயார் நிரலே உண்டு.

பிறகு ஒப்பீடு. பேட்டர்ன்மேல் ஒரு விரல், பெயர்மேல் ஒரு விரல். *குடி என்பதைக் குன்னக்குடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். * வந்ததும் இரு விரலும் நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் கு பொருந்தும். டி இருக்க வேண்டிய இடத்தில் ன். உடனே கைவிடக் கூடாது. குறித்த இடத்துக்குத் திரும்பி, அந்தக் ‘கு’வை * விழுங்கியதாக வைத்து, அடுத்த எழுத்திலிருந்து தொடங்குங்கள். ன், ன, க் மூன்றும் அப்படியே உள்ளே போகும். இரண்டாவது கு, பிறகு டி: பொருந்திவிட்டது. பல * இருந்தாலும் கடைசியாகப் பார்த்ததைக் குறித்தால் போதும். பெயர் முடிந்தபின் பேட்டர்னில் * மட்டும் மிஞ்சினால் அதுவும் பொருத்தமே. பொருந்தாத இடத்தில் குறித்துவைத்த * இல்லையென்றால் தோல்வி.

பட்டியலிலேயே * குறி இருந்து அதைத் தேட வேண்டுமென்றால் எக்செலில் ~*, எஃப்என்மேட்சில் [*].

குடி என்று முடியும் ஊர்களைத் தேடும்போது *குடி* என்று இரண்டு பக்கமும் * போட்டுவிடாதீர்கள். நரிக்குடியோடு குடிநீர்த் தொட்டித் தெருவும் சேர்ந்து வரும். திருச்சுழியைச் சிலர் திருச்சுளி என்று தட்டியிருப்பார்கள். எழுத்தாகப் பிரித்தபின் திருச்சு? என்று ஒரே கேள்விக்குறி போதும், இரண்டும் வந்துவிடும்.