போனில் சொன்ன பிபி அளவு

கேள்வி: தனியார் கிளினிக் ஒன்றில் ரிசப்ஷனில் இருக்கிறேன். டாக்டரைப் பார்க்கும் முன் பிபி பார்த்து நோட்டில் எழுதுவதும் என் வேலை. போன வாரம் ஒரு ஸ்கூல் வேன் டிரைவருக்கு 170/110 காட்டியது. மறுநாள் ஸ்கூல் ஆபீஸிலிருந்து போன் செய்து கேட்டார்கள். பிள்ளைகள் போகிற வண்டியாயிற்றே என்று சொல்லிவிட்டேன். அவரை வண்டி எடுக்க வேண்டாமென்று நிறுத்திவிட்டார்களாம். கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன் என்கிறார். என்மேல் வழக்கு வருமா சார்?
— வாசகி, கும்பகோணம்

பதில்: பயப்படாதீர்கள் சகோதரி. கெட்ட எண்ணமில்லாமல் சொன்ன ஒரு வார்த்தைக்காக உங்களை யாரும் ஜெயிலுக்கு அனுப்பப் போவதில்லை. ஆனால் சொன்னது தவறுதான். அந்த டிரைவரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

நோயாளியின் ரகசியத்தை டாக்டர் வெளியிடக் கூடாது என்கின்றன இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002 நடத்தை விதிகள். அவருக்காக நீங்கள் பிபி பார்ப்பதால் அந்தக் கடமை உங்கள் மேஜைக்கும் வந்துவிடுகிறது. நீதிமன்ற உத்தரவு, அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோய், குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடுமையான ஆபத்து: இவைதான் விலக்கு.

பிள்ளைகளைப் பற்றிய உங்கள் கவலை அந்தக் கடைசி விலக்கில் அடங்காதா? அடங்கலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். படியேறி வந்த மூச்சிரைப்பில், டீ குடித்த கையோடு பார்த்தால் பிபி ஏறித்தான் காட்டும். ஐந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி பார்க்க வேண்டும். வேறொரு நாளும் பார்த்த பிறகே ரத்தக்கொதிப்பு என்று டாக்டர்கள் பொதுவாக முடிவுக்கு வருவார்கள். மெஷின் ஒரே ஒரு தடவை காட்டிய எண் ஒருவருடைய பிழைப்பை நிறுத்திவிட்டதே என்பதுதான் எனக்கு வருத்தம்.

நம்பிக்கையோடு கொடுத்த சொந்தத் தகவலை அடுத்தவரிடம் சொல்வதை, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறையில் சேர்த்திருக்கிறது. கட்டணம் வாங்கும் கிளினிக் என்பதால் அவர் 2 ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். முக்கிய எதிர்த்தரப்பு டாக்டரும் கிளினிக்கும்தான். உங்களைச் சேர்த்தாலும், வேலையின்போது ஊழியர் செய்ததற்கு முதலாளி பதில் சொல்லியாக வேண்டும். தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கும் அவர் போகலாம்.

இன்றைக்கே நடந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். நோட்டில் எழுதியதை அடிக்காதீர்கள், பக்கத்தைக் கிழிக்காதீர்கள். பெரிய வம்பு அதில்தான் வரும். டிரைவரை அழைத்து மறுபடி பரிசோதித்து, இப்போதைய நிலையை டாக்டர் எழுதி அவர் கையிலேயே கொடுக்கட்டும். ஸ்கூலில் காட்டுவது அவர் விருப்பம். தன் பதிவுகளின் நகலை அவர் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

கவுன்ட்டரில் அந்த நீள நோட்டு திறந்தே கிடக்கிறதா என்றும் பாருங்கள். டோக்கன் வாங்க வருகிறவர், முன்னால் வந்தவரின் பெயர், பிபி, சுகர் எல்லாவற்றையும் தலைகீழாகவே படித்துவிடுவார். அளவைச் சத்தமாகச் சொல்லாமல் சீட்டில் எழுதிக் கொடுங்கள். கம்ப்யூட்டரில் ஏற்றினால், படிப்படியாக அமலுக்கு வரும் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். இனி போனில் யார் கேட்டாலும், வீட்டுக்காரம்மாவே கேட்டாலும், “அவர்கிட்டயே கேட்டுக்குங்க” என்று சொல்லிவிடுங்கள்.