விலையுயர்ந்த கால்ஃப் டிரைவர் ஷாஃப்ட்: வாங்குமுன் சோதிக்கச் சில குறிப்புகள்

ஃபுஜிகுராவின் வென்டஸ், மிட்சுபிஷியின் டென்சே, கிராஃபைட் டிசைனின் டூர் ஏ.டி. என ஜப்பானிய நிறுவனங்களின் கார்பன் இழை ஷாஃப்டுகள் அமெரிக்கக் கடைகளில் 300 டாலருக்கு மேல் விற்கின்றன. இந்தியாவுக்கு வரவழைத்தால் சுங்க வரியும் சேரும். ஹெட் இல்லாத வெறும் குழாய்க்கா இவ்வளவு என்று வீட்டில் நிச்சயம் கேட்பார்கள். அதற்குள் கையில் சில எண்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1. சோதனைக்குப் போகும்போது உங்கள் பழைய டிரைவரையும் எடுத்துச் செல்லுங்கள். புதியது 230 யார்டு போனது என்பது மட்டும் ஒரு செய்தியே அல்ல. அதே நாளில், அதே பந்தில், பந்தின் பறப்பை அளக்கும் அதே கருவியின் முன் பழையது எவ்வளவு போனது என்று தெரிந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

2. ஹெட்டை மாற்றாதீர்கள். பல இடங்களில் புது ஷாஃப்டைப் புத்தம்புது ஹெட்டில் பூட்டித்தான் கையில் கொடுப்பார்கள். பந்து கூடுதலாகப் பறந்தால் பெருமை ஷாஃப்டுக்குப் போய்விடும். ஷாஃப்டின் முனையில் இருக்கும் ஸ்லீவ் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. டெய்லர்மேட் ஸ்லீவ் காலவே ஹெட்டில் ஏறாது. உங்கள் ஹெட்டுக்குப் பொருந்தும் ஸ்லீவோடு ஷாஃப்ட் இருக்கிறதா என்று முதலிலேயே போனில் கேட்டுவிடுவது நல்லது. மாட்டிய பிறகு ஸ்லீவின் அடையாளக் குறி பழைய இடத்திலேயே நிற்கிறதா என்றும் பாருங்கள். அது ஒரு படி நகர்ந்தாலே லாஃப்ட், அதாவது ஹெட் முகத்தின் சாய்வு, மாறும். அப்போது நீங்கள் சோதிப்பது ஷாஃப்டை அல்ல, ஸ்லீவை.

3. விறைப்பைக் குறிக்கும் ஆர், எஸ், எக்ஸ் என்ற எழுத்துகளை அளவுகோலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விறைப்புக்குப் பொதுவான தரம் எதுவும் இத்தொழிலில் கிடையாது. ஒரு கடையின் 'மீடியம்' சட்டை இன்னொரு கடையில் இறுக்கிப் பிடிப்பது மாதிரிதான் இதுவும். நல்ல ஃபிட்டரிடம் அதிர்வெண் கருவி இருக்கும். பிடிப் பக்கத்தைக் கவ்வவிட்டு முனையை அதிரவிட்டால், நிமிடத்துக்கு எத்தனை அதிர்வு என்று அது காட்டும். எண் கூடினால் விறைப்பு கூடுதல். இரண்டு ஷாஃப்டையும் அதில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் கருவி பெரும்பாலும் பிடிப் பக்கத்து விறைப்பையே சொல்லும். நடுப்பகுதியும் முனையும் எப்படி வளைகின்றன என்பது தனிக் கதை. விலை கூடிய ஷாஃப்டில் நீங்கள் காசு கொடுப்பதே பெரும்பாலும் அதற்குத்தான்.

4. '6 எஸ்' என்றால் 60 கிராம் வகுப்பு, எஸ் விறைப்பு. எழுத்தைவிட எடையை முதலில் முடிவு செய்யுங்கள். உங்களுக்கு எது சரி என்பது ஸ்விங்கின் தாளத்தில் சீக்கிரமே தெரிந்துவிடும்.

5. பெயரை முழுதாகப் படியுங்கள். வென்டஸ் 2019-இல் வந்தபோது அதன் சிறப்பே வெலோகோர் என்ற அடுக்கு அமைப்புதான். பிறகு புது டிரைவர்களோடு சேர்ந்து வரும் வென்டஸ் ஷாஃப்டுகளும் வந்தன. நிறம் அதே, எழுத்தும் அதே. வெலோகோர் என்ற சொல்லை மட்டும் காணோம். தனியாக விற்கும் ஷாஃப்டும் டிரைவரோடு வரும் ஷாஃப்டும் ஒன்றல்ல. இரண்டாவதைச் சோதித்துவிட்டு முதலாவதை வாங்காதீர்கள். இரண்டாவதற்கு முதலாவதின் விலையைக் கொடுப்பது அதைவிட மோசம்.

6. ரேஞ்சில் கிடக்கும் தேய்ந்த பந்துகள் வேண்டாம். மைதானத்தில் நீங்கள் ஆடும் பந்தையே கொண்டுபோங்கள். அறைக்குள் ரேடார் வகைக் கருவி என்றால் பந்தில் சிறு உலோகப் பொட்டு ஒட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள். அப்போதுதான் ஸ்பின் கணக்கை நம்பலாம்.

7. பழையதில் எல்லாவற்றையும் அடித்து முடித்துவிட்டுப் புதியதற்குப் போகாதீர்கள். முதலில் அடிக்கும்போது உடம்பு சூடேறியிருக்காது, கடைசியில் களைத்திருக்கும். இரண்டுமே கணக்கைக் கெடுக்கும். சில பந்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றி அடியுங்கள். ஸ்லீவைத் திருகி மாற்றச் சிறிது நேரம்தான் ஆகும், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

8. திரையில் எதைப் பார்ப்பது? கேரி, அதாவது பந்து தரை தொடும் வரை பறக்கும் தூரம், அதன் உச்சத்தை அல்ல. பந்தின் வேகத்தைக் கிளப்பின் வேகத்தால் வகுத்தால் வருவது ஸ்மாஷ் ஃபேக்டர். டிரைவரில் அது 1.5 வரை போகலாம். அதற்கு மேல் வெகுவாகத் தாண்டிக் காட்டினால் ஷாஃப்டைப் பாராட்டாதீர்கள், கருவியைச் சந்தேகியுங்கள். பி.ஜி.ஏ. டூர் ஆட்டக்காரர்களின் சராசரி என்று ட்ராக்மேன் நிறுவனம் வெளியிட்ட ஒரு பட்டியலில் கிளப் வேகம் மணிக்கு 113 மைல், கிளம்பும் கோணம் 10.9 டிகிரி, ஸ்பின் நிமிடத்துக்கு 2,686 சுற்று, கேரி 275 யார்டு. அந்த எண்களை இலக்காக வைத்துக்கொண்டு பலர் தாழ்வாகக் கிளப்பும் ஷாஃப்டைத் தேடுகிறார்கள். 90 மைல் வேகத்தில் சுழற்றுபவருக்கு அதைவிட உயரமாகக் கிளம்பும் பந்துதான் வேண்டும். இல்லாவிட்டால் அது சீக்கிரமே தரையிறங்கிவிடும். நான் முதலில் பார்ப்பது மோசமான பந்துகளை. இடமும் வலமுமாக அவை எவ்வளவு அகலத்துக்குச் சிதறுகின்றன? அந்த அகலம் குறைந்தால் தூரம் ஏறாவிட்டாலும் ஷாஃப்ட் வேலை செய்கிறது. மிக நீண்ட ஒரே பந்தைப் பார்த்துக் காசோலை எழுதுவது கடைக்காரருக்குத்தான் நல்லது.

9. ஹெட்டின் முகத்தில் பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரேயை லேசாக அடித்துவிட்டுப் பந்தை அடித்தால், பட்ட இடம் வட்டமாகத் தெரியும். புது ஷாஃப்டில் தடம் மையத்தை நோக்கி நகர்ந்தால் கூடிய தூரம் நிலைக்கும். தடம் அங்குமிங்கும் ஓடியும் தூரம் கூடியிருந்தால் அது அன்றைய அதிர்ஷ்டம்.

10. ஷாஃப்ட் பந்தைச் சவுக்குப் போல வீசி எறிகிறது என்ற விளம்பரப் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பந்து முகத்தில் ஒட்டியிருப்பது ஒரு நொடியின் ஈராயிரத்தில் ஒரு பங்கு அளவே. அதற்குள் ஷாஃப்ட் எதையும் செய்ய முடியாது. அதன் வேலை அதற்கு முன்பே முடிந்துவிடும். ஹெட்டின் ஈர்ப்பு மையம் ஷாஃப்டின் கோட்டில் இல்லாததால், பந்தைத் தொடும் தருணத்தில் ஷாஃப்ட் சற்று முன்னோக்கி வளைந்திருக்கும். அது லாஃப்டைக் கொஞ்சம் கூட்டும். ஷாஃப்ட் எவ்வளவு முறுக்கிக்கொள்ளும் என்ற முறுக்கு எண்ணையும் கேளுங்கள், டிகிரியில் சொல்வார்கள். 1969-இல் ஷேக்ஸ்பியர் நிறுவனத்தில் ஃபிராங்க் தாமஸ் முதல் கிராஃபைட் ஷாஃப்டை வடிவமைத்தார். அந்தக் காலத்து ஷாஃப்டுகள் அதிகம் முறுக்கிக்கொண்டதால் பந்து திசை மாறியது என்பதுதான் பெரிய குறையாகப் பேசப்பட்டது. இன்று எண் குறைந்தால் நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. மெதுவாகச் சுழற்றுபவருக்குக் குறைந்த முறுக்கு கட்டையைப் பிடித்த உணர்வைத் தரும்.

11. சென்னையில் ஆடுபவர் ஊட்டி விடுமுறையில் எடுத்த எண்களை வைத்து முடிவெடுக்கக் கூடாது. சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. பந்து ஏறத்தாழ 8 சதவீதம் கூடுதலாகப் போகும், ஷாஃப்ட் எதுவாக இருந்தாலும்.

12. சோதனை ஷாஃப்ட் உங்களுடையதைவிட அரை அங்குலம் நீளமாக இருந்தால் வேகம் கூடித்தான் காட்டும். இரண்டையும் சேர்த்து நிறுத்தி அளந்துவிடுங்கள். 2022 முதல் போட்டி நடத்துபவர்கள் விரும்பினால் 46 அங்குலத்துக்கு மேல் டிரைவர் நீளக் கூடாது என்று உள்ளூர் விதி வைக்கலாம். அதையும் கேட்டு வையுங்கள்.

13. வாங்கிய ஷாஃப்டை வீட்டிலேயே வெட்டுவதாக இருந்தால் பைப் கட்டர் வேண்டாம், இழைகள் நசுங்கிவிடும். வெட்டும் இடத்தில் மாஸ்கிங் டேப் சுற்றி, நுண்ணிய பல் கொண்ட ரம்பத்தால் மெல்ல அறுங்கள். முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். கார்பன் தூசி மூச்சுக்குக் கெடுதல். மின்சாரத்தையும் கடத்தும் என்பதால் கம்ப்யூட்டர் இருக்கும் அறையில் இந்த வேலை வேண்டாம். எந்தப் பக்கத்தில் வெட்டுவது என்று உறுதியாகத் தெரியாமல் கை வைக்காதீர்கள்: முனையில் வெட்டினால் ஷாஃப்ட் விறைக்கும், பிடிப் பக்கத்தில் வெட்டினால் நீளம்தான் முக்கியமாகக் குறையும்.

14. பழையதாக வாங்கினால் ஹெட்டுக்கு மேலே ஒரு சாண் தூரம் வரை நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கும் கீறல் பெயின்ட்டோடு நிற்கிறதா, இழைக்குள் போயிருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். போலிகள் அதிகம் புழங்கும் சந்தை இது. எழுத்துகளின் இடைவெளி, நிறம், எடை மூன்றையும் நிறுவனத்தின் படத்தோடும் அறிவித்த எடையோடும் ஒப்பிடுங்கள். சமையலறைத் தராசில் நிறுத்திப் பார்க்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள்.