பெலாகரா: உணவுக் குறையும் மனக்கோளாறும்

மனநோயாளர் என்று கருதப்பட்டு விடுதிகளில் அடைக்கப்பட்டவர்களுள் ஒரு பகுதியினர் உண்மையில் ஒருவகை உணவுக் குறையால் வருந்தியவர்களே. இதனை மருத்துவ உலகம் ஐயமின்றி அறிந்துகொள்ள ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின. அந்நோயின் பெயர் பெலாகரா. உடலின் குறை உள்ளத்தை எவ்வாறு நிலைகுலையச் செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று மருத்துவ வரலாற்றில் அரிது. அச்சான்று தேடப்பட்ட வழியும், அதில் நம் நாட்டுத் தக்காணப் பீடபூமிக்கு உள்ள பங்கும், கிராமங்களில் பணிபுரிவோரும் ஆசிரியர்களும் அறிந்திருக்க வேண்டியவை.

நோயின் தோற்றம்

பெலாகரா முதலில் தோலில் தென்படுவது வழக்கம். வெயில் படும் இடங்களான புறங்கை, முன்கை, பாதத்தின் மேற்புறம், கழுத்து ஆகியவற்றில் தோல் முதலில் சிவந்து, பின்னர் கருத்துத் தடித்து, செதில் செதிலாக உரியும். வலப்புறமும் இடப்புறமும் ஒரே அளவில் இம்மாற்றம் காணப்படும். பாதிக்கப்பட்ட தோலுக்கும் நல்ல தோலுக்கும் இடையே கோடு கிழித்தாற்போன்ற எல்லை இருக்கும். கழுத்தைச் சுற்றி ஓர் அணி பூண்டதுபோல் தோன்றும் கருவளையத்தை, நோயை முதன்முதலில் விவரித்த மருத்துவரின் பெயரால் ‘காசலின் கழுத்தணி’ என்பர். நாக்கு சிவந்து புண்ணாகும். உணவில் சிறிது காரம் இருந்தாலும் பொறுக்க முடியாது. வயிற்றுப்போக்கு உண்டாகும்.

மனத்தின் மாற்றங்கள் இவற்றோடு சேர்ந்தே வளர்கின்றன. தொடக்கத்தில் தூக்கமின்மை, சோர்வு, காரணமற்ற எரிச்சல், கவலை, மறதி ஆகியவை தோன்றும். நோயாளி வேலையில் நாட்டமிழந்து ஒரு மூலையில் ஒதுங்குவார். நோய் முற்றினால் இடமும் காலமும் தெரியாத குழப்பம், இல்லாத குரல்களைக் கேட்டல், பித்துப் பிடித்தாற்போன்ற நடத்தை ஆகியவை ஏற்படும். சிகிச்சை இல்லையேல் முடிவு மரணமே. களப்பணியாளர் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி ஒன்று உண்டு: தோலின் அடையாளங்கள் எல்லா நோயாளிகளிடமும் இருக்கும் என்று நம்பியிருத்தல் கூடாது. சிலரிடம் மனத்தின் மாற்றமே முன்னால் வருகிறது.

தானியம் கடல் கடந்த கதை

ஸ்பெயின் நாட்டின் அஸ்தூரியாஸ் பகுதியில் ஏழை உழவர்களிடம் இந்நோயைக் கண்டு 1735இல் விவரித்தவர் காஸ்பர் காசல். 1771இல் இத்தாலிய மருத்துவர் பிரபோல்லி, கரடுமுரடான தோல் என்னும் பொருள்பட, இதற்குப் பெலாகரா என்று பெயரிட்டார். வட இத்தாலியில் மக்காச்சோளக் கூழையே நாள்தோறும் உண்டு வந்த உழவர்கள் இந்நோயால் நிலைகுலைந்து மனநோய் விடுதிகளை நிரப்பினர்.

மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்துத் தானியம். மெக்சிகோ மக்கள் பல நூற்றாண்டுகளாக அதனையே முதன்மை உணவாகக் கொண்டிருந்தும் பெலாகரா அவர்களிடம் அரிதாகவே இருந்தது. அவர்கள் தானியத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைத்த பின்னரே அரைத்தனர். மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் என்னும் வைட்டமின், உடல் ஈர்த்துக்கொள்ள இயலாத கட்டுண்ட நிலையில் இருக்கிறது. சுண்ணாம்பு அக்கட்டை அவிழ்க்கிறது. தானியம் கடல் கடந்து ஐரோப்பாவுக்குச் சென்றது. அதைச் சமைக்கும் முறை உடன் செல்லவில்லை.

செவிலியர்க்கு ஏன் வரவில்லை?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் மாநிலங்களில் பெலாகரா பரவியது. 1906இல் அலபாமா மாநிலத்தின் மவுண்ட் வெர்னான் மனநோய் மருத்துவமனையில் 88 பேருக்கு இந்நோய் கண்டு 57 பேர் இறந்தனர். அம்மருத்துவமனை கறுப்பின மக்களுக்கென ஒதுக்கப்பட்டது. பெலாகரா ஒரு தொற்றுநோய் என்றே அக்கால மருத்துவர் பலர் நம்பினர், கிருமியைத் தேடினர்.

1914இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஜோசப் கோல்ட்பெர்கர் என்னும் மருத்துவரை இப்பணிக்கு அனுப்பியது. அவர் மனநோய் மருத்துவமனைகளையும் அநாதை விடுதிகளையும் சுற்றிப் பார்த்தார். நோயாளிகளுடன் ஒரே கட்டடத்தில் வாழ்ந்து, அவர்களைத் தொட்டுப் பணிபுரிந்த செவிலியருக்கும் காவலருக்கும் பெலாகரா வரவில்லை. தொற்றுநோயாயின் இது எப்படி இயலும்? இரு சாராருக்கும் இடையே அவர் கண்ட வேறுபாடு உணவில் இருந்தது. பணியாளர்கள் பாலும் இறைச்சியும் முட்டையும் பெற்றனர். நோயாளிகளுக்குக் கிடைத்தது மக்காச்சோள மாவும் வெல்லப்பாகும் பன்றிக் கொழுப்பும். நுண்ணோக்கி இல்லாமல், கண்ணாலும் கேள்வியாலும் மட்டும் பெறப்பட்ட இம்முடிவு, களப்பணியின் ஆற்றலுக்கு ஓர் எடுத்துக்காட்டு.

ஜார்ஜியா மாநிலத்து மில்லெட்ஜ்வில் மனநோய் மருத்துவமனையிலும் மிசிசிப்பியின் அநாதை விடுதிகளிலும் பாலும் பருப்பும் இறைச்சியும் சேர்த்து உணவை மாற்றியபோது நோய் மறைந்தது. 1915இல் மிசிசிப்பியின் ரான்கின் சிறைப் பண்ணையில் மறுதலையான சோதனை நடைபெற்றது. விடுதலை வாக்குறுதியின் பேரில் முன்வந்த 11 கைதிகளுக்குத் தென் மாநில ஏழையின் உணவு தரப்பட்டது. ஆறு மாதங்களுக்குள் 6 பேருக்குப் பெலாகரா தோன்றிற்று. விடுதலையை விலையாகக் காட்டிப் பெற்ற சம்மதத்தை இன்றைய ஆய்வு நெறிகள் சம்மதமாகவே ஏற்கமாட்டா. சான்று வலிமையானது, அது பெறப்பட்ட முறை போற்றத்தக்கதன்று.

அப்போதும் தொற்றுக் கொள்கையினர் ஓயவில்லை. 1916இல் கோல்ட்பெர்கர், அவருடைய மனைவி, உடன்பணியாற்றியோர் ஆகியோர் நோயாளிகளின் குருதியையும் கழிவுப் பொருள்களையும் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டனர். எவருக்கும் பெலாகரா வரவில்லை. எனினும் நோயைத் தடுக்கும் அந்த உணவுப்பொருள் யாதென்று அறியாமலேயே அவர் 1929இல் மறைந்தார்.

1937இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கான்ராட் எல்வெஜெம் குழுவினர், பெலாகராவை ஒத்த ‘கருநாக்கு’ நோயுற்ற நாய்களை நிக்கோட்டினிக் அமிலத்தால் குணப்படுத்தினர். இன்று நியாசின் எனப்படுவது இதுவே. இதில் ஒரு விந்தை உண்டு. 1910களின் தொடக்கத்திலேயே காசிமிர் ஃபங்க் இவ்வமிலத்தை அரிசித் தவிட்டிலிருந்து பிரித்தெடுத்திருந்தார். அவர் தேடியது பெரிபெரிக்கு மருந்து. அந்நோயை இது தீர்க்காமையால் பயனற்றதென்று ஒதுக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் இறந்தவர் எண்ணிறந்தோர்.

தோலில் குறியில்லாத நோயாளிகள்

நியாசின் கையில் கிடைத்தபின், மருத்துவமனை ஆராய்ச்சி புதியதொரு திசையில் சென்றது. பித்தேறியவராகக் கட்டிலில் கட்டப்பட்டிருந்த பெலாகரா நோயாளிகள் சில நாள்களிலேயே தெளிவு பெற்று உற்றாரை அடையாளம் கண்டனர். அவ்வாறாயின், தோலில் மாற்றமின்றி மனக்குழப்பம் மட்டும் கொண்டவர்களிடமும் இதே குறை இருக்கலாமன்றோ? 1939இல் ஜார்ஜியாவைச் சேர்ந்த கிளெக்லி, சைடன்ஸ்டிரிக்கர், ஜீஸ்லின் ஆகிய மூவரும், ஊட்டக்குறையோடு மயக்கமும் குழப்பமும் கொண்டு வந்த இத்தகைய நோயாளிகள் நிக்கோட்டினிக் அமிலத்தால் தெளிந்ததை வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் நியூயார்க்கில் ஜோலிஃப் குழுவினர் மதுவுக்கு அடிமையானவர்களிடம் இதையே கண்டனர்.

இதன் காரணம் ஓரளவு விளங்கியுள்ளது. உயிரணுக்கள் உணவிலிருந்து ஆற்றலைப் பெறுவதற்கு வேண்டிய துணை நொதிகள் நியாசினிலிருந்து உண்டாகின்றன. மூளை ஓயாது ஆற்றலைச் செலவிடும் உறுப்பாதலால் குறை அங்கு விரைவில் உணரப்படுகிறது. மேலும், புரதத்தில் உள்ள டிரிப்டோஃபான் என்னும் அமினோ அமிலத்திலிருந்தும் உடல் நியாசினை ஆக்கிக்கொள்கிறது. 60 மில்லிகிராம் டிரிப்டோஃபான் 1 மில்லிகிராம் நியாசினுக்கு ஈடாகக் கணக்கிடப்படுகிறது. பாலில் நியாசின் மிகக் குறைவாக இருந்தும் அது பெலாகராவைத் தடுப்பது இதனாலேயே. மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் என்னும் பொருளுக்கும் இந்த டிரிப்டோஃபானே மூலப்பொருள்.

தக்காணத்துச் சோளம்

பெலாகரா மக்காச்சோளத்தின் நோய் என்று பாடநூல்கள் கூறிவந்த காலத்தில், அத்தானியத்தை உண்ணாத தக்காண மக்களிடம் அது காணப்பட்டது. அவர்களுடைய உணவு சோளம். சோளத்தில் உள்ள நியாசினும் டிரிப்டோஃபானும் அரிசியில் உள்ளவற்றைவிடக் குறைவல்ல. அரிசி உண்போரிடமோ இந்நோய் அரிது. இப்புதிரை ஆராய்ந்தது ஐதராபாத் ஊட்ட உணவு ஆய்வுக்கூடம். 1918இல் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய ஆய்வே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயர் பெற்றது.

சோளப் புரதத்தில் லியூசின் என்னும் அமினோ அமிலம் மிகுதி. அம்மிகுதி, டிரிப்டோஃபானிலிருந்து நியாசின் உண்டாவதைக் குலைக்கிறது என்னும் கருத்தை 1960இல் சி. கோபாலனும் எஸ். ஜி. ஸ்ரீகாந்தியாவும் வெளியிட்டனர். பிற நாட்டு ஆய்வாளர் சிலர் இதனை ஏற்கவில்லை; வழக்கு முற்றும் தீர்ந்துவிட்டதென்று கூற இயலாது. ஆயினும், ஒரு சத்து உணவில் இருக்கிறதா என்று மட்டுமன்றி, உடன் உண்ணும் பிற பொருள்களோடு அது எவ்வாறு இயைகிறது என்றும் கேட்கவேண்டும் என்பதை இவ்வாய்வு உணர்த்திற்று. இந்நிறுவனத்தார் நோயாளிகளின் மனநிலையையும் விட்டுவிடவில்லை. 1968இல் அவர்களுடைய மூளை மின்னலைகளைப் பதிவு செய்து இயல்பினின்றும் மாறுபட்டிருப்பதைக் காட்டினர். 1970இல் வெளியான ஆய்வு, மனச்சோர்வுற்ற பெலாகரா நோயாளிகளின் இரத்தத் தட்டணுக்களில் செரட்டோனின் குறைந்திருப்பதை அறிவித்தது. உணவுப் பழக்கங்கள் மாறியபின் தக்காணத்தில் இந்நோய் பெரிதும் அருகிவிட்டது.

எல்லை மீறிய நம்பிக்கை

பெலாகராவின் வெற்றி ஒரு மிகையான எதிர்பார்ப்பையும் தோற்றுவித்தது. மனச்சிதைவு நோய்க்கும் நியாசினே மருந்தாகும் என்று 1950களில் கனடாவில் ஹாஃபர், ஆஸ்மண்ட் ஆகியோர் கருதி, மிகுந்த அளவில் கொடுத்தனர். நற்பயன் கண்டதாகவும் கூறினர். கனடாவின் மனநலச் சங்கம் ஏற்பாடு செய்த கட்டுப்பாடான சோதனைகளில் அப்பயன் உறுதிப்படவில்லை. 1973இல் அமெரிக்க மனநோய் மருத்துவச் சங்கத்தின் குழுவும் இம்முறையை ஏற்க மறுத்தது. குறை இருந்த இடத்தில் வைட்டமின் வியத்தகு பயனைத் தந்தது. குறை இல்லாத இடத்தில் தரவில்லை. மனநோய் அனைத்தையும் சத்துக் குறையாகக் கொண்டு, மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிட்டுச் சத்து மாத்திரை வாங்கித் தருவது நோயாளிக்குத் தீங்கே ஆகும்.

களத்தில் காணவேண்டியவை

இன்று பெலாகரா வரக்கூடியவர் யார்? நாள்தோறும் மது அருந்தி உணவைத் துறந்தவர். நீடித்த குடல் நோயினர். கவனிப்பாரின்றித் தனித்து வாழும் முதியோர். காசநோய்க்கு ஐசோனியாசிட் உட்கொள்ளும் மெலிந்த நோயாளிகளையும் சேர்க்கவேண்டும். டிரிப்டோஃபானை நியாசினாக்க வைட்டமின் பி6 தேவை. ஐசோனியாசிட் அதன் செயலைத் தடுக்கிறது. இம்மருந்து தனியேயும் சிலரிடம் மனக்குழப்பத்தை உண்டாக்குவதுண்டு. ஆதலின், காசநோய் மருந்து உண்பவர் தூக்கமிழந்து பிதற்றத் தொடங்கினால் மருந்தைத் தாமே நிறுத்திவிடாமல் உடனே மருத்துவரிடம் செல்லச் செய்தல் வேண்டும்.

இத்தகைய மாற்றம் நேரும்போது குடும்பத்தார் பேய் பிடித்ததென்றோ செய்வினை என்றோ எண்ணி வாரக்கணக்கில் காலத்தைப் போக்குவதுண்டு. அங்கு ஊராரின் நம்பிக்கையைப் பெற்ற ஆசிரியரின் சொல் பயன்படும். நம்பிக்கையைப் பழித்துப் பேசுவதால் பயனில்லை. வேறெது செய்தாலும் மருத்துவரிடமும் ஒருமுறை காட்டுங்கள் என்று கூறினால் பெரும்பாலோர் மறுப்பதில்லை.

மருத்துவர் பெலாகரா என்று துணிந்தால், உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் நிக்கோட்டினமைடு. இதனைப் பகுத்துப் பகுத்து மூன்று நான்கு வாரங்கள் கொடுப்பர். நிக்கோட்டினிக் அமிலம் முகத்தைச் சிவக்கச் செய்து எரிச்சல் தருவதால் நிக்கோட்டினமைடே விரும்பப்படுகிறது. ஒரு வைட்டமின் குறைந்த உடலில் மற்றவையும் குறைந்திருக்குமாதலால் பிற பி வைட்டமின்களும் தேவை. நாக்கின் புண்ணும் வயிற்றுப்போக்கும் சில நாள்களிலும், மனக்குழப்பம் முதல் வாரத்திலும் தணியத் தொடங்கும். வேர்க்கடலை, பருப்பு வகைகள், பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றுள் குடும்பத்தின் கைக்கு எட்டுபவை உணவில் நிலையாக இடம்பெற வேண்டும்.

மனக்குழப்பமுற்றவரை மருத்துவமனைக்கு அனுப்பும் களப்பணியாளர், தம் குறிப்பில் சிலவற்றை எழுதியனுப்பினால் மருத்துவரின் வேலை எளிதாகும். மாற்றம் எப்போது தொடங்கிற்று, முந்தைய மூன்று மாதங்களில் அவர் உண்டது என்ன, மது உண்டா, எந்தெந்த மருந்துகள், எடை குறைந்ததா, புறங்கையும் கழுத்தும் நாக்கும் எப்படி இருந்தன. உணவைத் துறந்தது முதலா, மனம் மாறியது முதலா என்பதைக் குடும்பத்தாரிடம் தனியே கேட்டறிய வேண்டும். நீண்டநாள் மனநோயினரும் உணவை மறுத்துப் பின்னர் சத்துக் குறைக்கு ஆளாவதுண்டு. கைகளைப் பார்க்கும்போது சட்டையின் கையை மேலே ஒதுக்கிவிட்டு, வெயில் படாத தோலோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நலம்.